தாதியின் வழக்கும் மக்களின் வழக்கும்

வைத்தியசாலையிற் கடமை புரியும் ஒரு தாதி வேலையிலிருந்து நீக்கப்பட்டால் அது யாருடைய வழக்கு? வேலை கொடுத்தவருக்கும் வேலை செய்தவருக்கும் இடையே எழுந்த பிணக்கு என்பது சட்டம் கூறும் விடை. நோயாளிகளின் நன்மைக்காக வாய் திறந்தமையாலேயே அத்தாதி நீக்கப்பட்டிருந்தால், அந்த வைத்தியசாலைக் கட்டிலிற் படுத்தவர், இனிப் படுக்கப் போகின்றவர் அனைவரதும் வழக்கு அது என்பது மக்களின் மனச்சாட்சி கூறும் விடை. இரண்டு விடைகளும் சரியானவையே. ஆயினும், இவ்விரண்டு வழக்குகளையும் ஒன்றென எண்ணி மயங்குவோர் இரண்டிலும் தோற்றுப் போகின்றனர் என்பதே நாம் இங்கு எடுத்துக்காட்ட விரும்புவது.

நீக்கப்பட்ட ஊழியருக்காக மகஜரிற் கையொப்பம் சேர்ப்பதும், வைத்தியசாலை வாயிலிற் பதாகை பிடிப்பதும், மந்திரிக்குத் தந்தியும் கடிதமும் அனுப்புவதும் நம்மிடையே புதியவை அல்ல. ஆனால், இத்தகைய கிளர்ச்சி எதைப் பெற்றுத் தரும், எதைப் பெற்றுத் தராது என்று முன்கூட்டியே சீர்தூக்கிப் பார்ப்போர் சிலரே. இதனை விளங்கிக்கொள்வதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். அரசாங்க உத்தியோகத்தர் மேலதிகாரியின் அனுமதியின்றிப் பத்திரிகைக்கு வாய் திறக்கலாகாது என்ற மரபு, அந்நாட்டு ஆட்சி நமக்கு விட்டுச் சென்ற முதுசங்களுள் ஒன்றாதலின், அங்கே அம்மரபு எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதை அறிவது நமக்குப் பயன் தரும்.

இரவுக் கடமையில் எழுந்த குரல்

மன்செஸ்டருக்கு அண்மையிலுள்ள ஸ்டொக்போர்ட் நகரின் ஸ்டெப்பிங் ஹில் வைத்தியசாலையில், முதியோர் வாட்டுகளில், இரவுக் கடமைக்குப் பொறுப்பாக இருந்தவர் கிரஹாம் பிங்க் என்னும் ஆண் தாதி. இரவு வேளையில் வாட்டுகளில் நிற்கும் தாதிமாரின் தொகை போதாது, முதியோர் உரிய நேரத்தில் உதவி பெறாது துன்புறுகின்றனர் என்று 1989 ஆம் ஆண்டு ஒகஸ்ட் மாதத்தில் அவர் தம் மேலதிகாரிகளுக்கு எழுதத் தொடங்கினார். மறுமொழி திருப்தி தரவில்லை. மீண்டும் எழுதினார். வைத்தியசாலை நிருவாகம், பிரதேச சுகாதார அதிகார சபை, பாராளுமன்ற உறுப்பினர், சுகாதார மந்திரி, பிரதம மந்திரி என்று படிப்படியாக மேலே சென்றன அவருடைய கடிதங்கள். எங்கும் கதவு திறக்கவில்லை.

1990 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் 'கார்டியன்' பத்திரிகை அக்கடிதங்களின் பெரும் பகுதியை வெளியிட்டது. அதுவரை ஓர் அலுவலகத்தின் கோவைக்குள் உறங்கிக் கிடந்த விடயம் ஒரு நாட்டின் விடயமாயிற்று. தங்கள் வாட்டிலும் இதே நிலைதான் என்று தாதிமார் எழுதினர். தம் தாயும் தந்தையும் இறுதி நாட்களில் பட்ட பாட்டை உறவினர் எழுதினர். நாடெங்கும் அவருக்கு ஆதரவு திரண்டது.

நிருவாகமும் வாளாவிருக்கவில்லை. அவ்வாண்டு ஒகஸ்ட் மாதத்தில் அவர் கடமையிலிருந்து இடைநிறுத்தப்பட்டார். எந்தக் குற்றத்துக்காக? இதனை வாசகர் கூர்ந்து நோக்க வேண்டும். "தாதிமார் தொகை போதாது என்று சொன்னீர்" என்று அவர்மீது குற்றம் சுமத்தப்படவில்லை. அவர்மீது சுமத்தப்பட்டவற்றுள் முதன்மையானது, நோயாளியின் அந்தரங்கத்தைப் பேணத் தவறினார் என்பதாகும். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் வந்த விபரத்திலே நோயாளியின் பெயர் இல்லாவிட்டாலும், இன்னார் என்று அறியக்கூடியதாக இருந்தது என்பது நிருவாகத்தின் வாதம். வேறொரு பணிக்கு மாற்றித் தருகிறோம் என்றனர்; அவர் ஏற்க மறுத்தார். 1991 ஆம் ஆண்டில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

அவர் தொழில் நியாயசபையை நாடினார். 1993 ஆம் ஆண்டில் அங்கே விசாரணை நடைபெற்றது. அது முடிவெய்து முன்னரே, நீக்கியது முறையற்றது என்று நிருவாகம் ஒப்புக்கொண்டு, சட்டம் அனுமதித்த உச்ச அளவான ஏறக்குறைய 11,000 பவுணை நட்டஈடாகச் செலுத்த இணங்கியது. தாதியின் வழக்கு வென்றது.

ஆனால், மக்களின் வழக்கு? அந்த வாட்டுகளிலே இரவில் தாதிமார் போதிய அளவில் இருந்தனரா, இல்லையா? முதியோர் துன்புற்றனரா, இல்லையா? இக்கேள்விகளுக்கு நியாயசபை தீர்ப்பு எதனையும் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் அதற்கு ஏற்படவில்லை. எதிர்த்தரப்பு தோல்வியை ஒப்புக்கொண்டவுடன் நீதிபதியின் பேனா மூடப்பட்டுவிடும். வேலை நீக்க முறையிலுள்ள பழுதை ஒப்புக்கொண்டு பணத்தைச் செலுத்திவிட்டால், வாட்டின் நிலையைப் பற்றிய தீர்ப்பிலிருந்து தப்பிவிடலாம் என்பது எந்த நிருவாகத்துக்கும் எளிதில் விளங்கக்கூடிய கணக்கு. அவர் தமது பழைய கடமைக்குத் திரும்பவுமில்லை.

சட்டம் மாறியது எவ்வாறு?

அவ்வாறாயின் அந்தக் கிளர்ச்சி வீண்தானா? இல்லை. நியாயசபை தொடாத கேள்வியை மக்கள் கைவிடவில்லை என்பதனாலேயே அது வீணாகவில்லை. 1991 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தாதியர் சங்கம், வாட்டுகளில் நடக்கும் குறைகளைத் தாதிமார் அச்சமின்றித் தெரிவிப்பதற்கென ஒரு தொலைபேசி ஏற்பாட்டைத் தொடக்கியது. 1993 ஆம் ஆண்டில் சுகாதாரத் திணைக்களம், ஊழியர் தம் கவலைகளை எவ்வாறு வெளிப்படுத்தலாம் என்பது பற்றி அறிவுறுத்தல்களை வெளியிட்டது. பிரித்தானியாவில் அதற்கு முற்பட்ட ஆண்டுகளில் நேர்ந்த கப்பல் விபத்து, எண்ணெய் மேடைத் தீ, புகையிரத விபத்து முதலியவற்றை ஆராய்ந்த ஆணைக்குழுக்களும், ஆபத்தை முன்னரே அறிந்திருந்த ஊழியர் அஞ்சி வாளாவிருந்தனர் அல்லது அவர்கள் சொல் செவிசாய்க்கப்படவில்லை என்று எடுத்துக்காட்டியிருந்தன. இவையெல்லாம் ஒன்று திரண்டு, றிச்சட் ஷெப்பேட் என்னும் உறுப்பினர் கொண்டுவந்த தனியார் மசோதா 1998 ஆம் ஆண்டில் பொதுநலன் கருதிய வெளிப்படுத்தற் சட்டமாயிற்று. 1999 யூலை முதல் அது நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தின்படி, பொதுநலன் கருதி உண்மையை வெளிப்படுத்தியமைக்காக ஓர் ஊழியரை நீக்குவது முறையற்றது. நட்டஈட்டுக்கு உச்ச எல்லை இல்லை. ஏழு நாட்களுக்குள் விண்ணப்பித்தால், வழக்கு முடியும்வரை சம்பளம் தொடர நியாயசபை கட்டளையிடவும் கூடும். கிரஹாம் பிங்குக்கு இப்பயன் எதுவும் கிடைக்கவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களுக்கே கிடைத்தது.

சட்டம் வந்தபின் எல்லாம் சீராயிற்றென்று எண்ணுதலும் தவறு. 2005 ஆம் ஆண்டில் மார்கரெட் ஹேவுட் என்னும் தாதி, பிறைற்றன் நகர வைத்தியசாலையொன்றில் முதியோர் பராமரிப்பின் குறைகளை மறைவான படப்பெட்டி கொண்டு பதிவு செய்தார். பி.பி.சி. அதனை ஒளிபரப்பியது. நிருவாகம் குறைகளை ஏற்று மன்னிப்புக் கோரியது. ஆயினும் 2009 ஏப்பிரலில், நோயாளிகளின் அந்தரங்கத்தை மீறினார் என்று கூறித் தாதியர் பதிவேட்டிலிருந்து அவருடைய பெயரே நீக்கப்பட்டது. ஊழியரை வேலைகொடுப்போரிடமிருந்து காக்கும் சட்டம், பதிவேட்டை வைத்திருக்கும் பேரவையிடமிருந்து அவரைக் காக்கவில்லை. தாதியர் சங்கம் மகஜர் தொடங்கியது; பல்லாயிரவர் கையொப்பமிட்டனர். மேல் நீதிமன்றத்திலும் மேன்முறையீடு செய்யப்பட்டது. அவ்வாண்டு ஒக்ரோபரில், பெயர் நீக்கம் அகற்றப்பட்டு, ஓராண்டு எச்சரிக்கையே போதுமென இணக்கம் ஏற்பட்டது.

இங்கே இரு கைகளும் சேர்ந்து ஓசை எழுப்பின. மகஜர் மட்டும் இருந்திருந்தால் பேரவை அதனைக் கோவையில் இட்டு மூடியிருக்கும். மேன்முறையீடு மட்டும் இருந்திருந்தால் பேரவை இறுதிவரை வழக்காடத் துணிந்திருக்கவும் கூடும். இரண்டும் ஒரே வேளையில் நின்றமையே அவருக்குத் துணையாயிற்று என்பது எமது எண்ணம்.

நம் நாட்டின் பாடம்

நிற்க. ஒரு தனி ஊழியரின் வழக்கு, பெரும் பொதுக் கேள்வியொன்றைச் சுமந்து நின்ற வரலாறு நமக்கும் உண்டு. அரசகரும மொழித் தேர்வில் சித்தியடையவில்லை என்று கூறி, எழுதுவினைஞர் கோடீஸ்வரனின் 1962 ஆம் ஆண்டுச் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் வழக்கிட்டார். 1964 ஆம் ஆண்டில் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம், முடியின் ஊழியன் சம்பளத்துக்காக வழக்கிட முடியாது என்ற காரணத்தால் அதனை மாற்றியது. 1969 டிசெம்பரில் கோமறைக் கழகம், வழக்கிடலாம் என்று விதித்து, அரசியலமைப்புப் பற்றிய கேள்வியை ஆராயுமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது. அக்கேள்வி பின்னர் தீர்க்கப்படவேயில்லை. 1972 ஆம் ஆண்டில் புதிய அரசியலமைப்பு வந்தது. கேள்வியின் அடித்தளமே அகன்றது.

ஸ்டொக்போர்ட் தாதிக்கும் கொழும்பு எழுதுவினைஞருக்கும் இடையே காலமும் இடமும் வேறு, கேள்வியும் வேறு. ஆயினும் சட்டத்தின் போக்கு ஒன்றே. ஊழியர் என்ற முறையில் அவர்கள் கேட்ட சிறிய கேள்விக்கு விடை கிடைத்தது. அவர்கள் வழக்குச் சுமந்து நின்ற பெரிய கேள்வி மன்றின் வாயிலிலேயே நின்றுவிட்டது.

இன்று நம் நாட்டில் ஒரு தாதி நீக்கப்பட்டால் எந்தக் கதவைத் தட்டுவது? இதனை ஆதரவாளர் முதலில் அறிந்திருத்தல் வேண்டும். தனியார் வைத்தியசாலைத் தாதியாயின், 1950 ஆம் ஆண்டுக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின்கீழ் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்கலாம். 2003 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதற்கு ஆறு மாத எல்லை உண்டு. நீதியும் ஒப்புரவுமான கட்டளையை வழங்க அச்சபைக்கு அதிகாரம் உண்டு; மீண்டும் வேலையில் அமர்த்தவும் நட்டஈடு வழங்கவும் விதிக்கலாம்.

அரசாங்க வைத்தியசாலைத் தாதியாயின் இக்கதவு அவருக்கு அடைபட்டது. ஏனெனில் வேலைகொடுப்போர் என்ற முறையில் அரசை அச்சட்டம் தன் எல்லைக்குள் எடுக்கவில்லை. அவர் மேன்முறையீட்டை அரசாங்க சேவை ஆணைக்குழுவிடமும், அதன் முடிவின்மேல் நிருவாக மேன்முறையீட்டு நியாயசபையிடமும் கொண்டு செல்ல வேண்டும். மாகாண சேவையிலுள்ளவருக்கு மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழு உண்டு. அடிப்படை உரிமை மீறப்பட்டிருந்தால், அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின்கீழ் உயர் நீதிமன்றத்தை நாடலாம். அதற்குரிய காலமோ ஒரே ஒரு மாதம். அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையிலுள்ள காலம் அக்கணக்கிற் சேராது.

ஒரு மாதம் என்பது எவ்வளவு? முதல் வாரம் அதிர்ச்சியிற் கழியும். இரண்டாம் வாரம் ஊர்ப் பெரியவர்களைக் காண்பதிற் கழியும். மூன்றாம் வாரம் கண்டனக் கூட்டம். நான்காம் வாரம் மந்திரியைக் காணத் தூதுக்குழு. மந்திரி புன்முறுவலோடு "பார்ப்போம்" என்பார். தூதுக்குழு ஊர் திரும்பும்போது உயர் நீதிமன்றத்தின் கதவு மூடியிருக்கும். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். பருவம் தவறிய விதைப்பு என்னவாகும் என்பதைக் கமக்காரருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

கிளர்ச்சி செய்வோர் கடைப்பிடிக்க வேண்டியவை

ஆகவே, முதலாவது கடமை நாட்காட்டியைப் பார்ப்பதாகும். மகஜரின் முதற் கையொப்பம் விழுமுன் விண்ணப்பம் சட்டத்தரணியின் கையிற் சேரட்டும். கிளர்ச்சி ஓராண்டு நீடிக்கலாம், தவணை நீடிக்காது.

இரண்டாவது, நோயாளியின் அந்தரங்கம். மேலே கூறிய இரண்டு தாதிமார்மீதும் பாய்ந்த ஆயுதம் இதுவே என்பதை வாசகர் கவனித்திருப்பர். நோயாளியின் பெயர், ஊர், நோய், கட்டில் இலக்கம் எதுவும் மேடையில் ஒலிக்கலாகாது. இது எதிரியின் ஆயுதத்துக்கு அஞ்சிச் செய்யும் தந்திரம் மட்டுமன்று. தம் உடம்பின் குறையை ஒரு தாதியிடம் நம்பிச் சொன்ன மூதாட்டி, அதனை ஒலிபெருக்கியிற் கேட்பதற்காகச் சொல்லவில்லை. எவருடைய மானத்துக்காக அத்தாதி வாய் திறந்தாரோ அவருடைய மானத்தை நாமே சந்தியில் விற்றுவிட்டால், நாம் யாருக்காகப் போராடுகிறோம்? நம் நாட்டின் 2016 ஆம் ஆண்டுத் தகவலறியும் உரிமைச் சட்டமும் இவ்வெல்லையையே வகுக்கின்றது. அச்சட்டப்படி வெளியிடத்தக்க தகவலை வெளியிட்ட அரசாங்க ஊழியரைத் தண்டிக்கலாகாது என்று அதன் 40 ஆம் பிரிவு கூறுகின்றது. ஆனால், ஒருவரின் மருத்துவக் குறிப்புகளை அவர் சம்மதமின்றி வெளியிடுதல் அதன் விலக்குகளுள் அடங்கும். எத்தனை கட்டில்கள், எத்தனை தாதிமார், எத்தனை வெற்றிடங்கள், எந்த மருந்து எத்தனை நாட்களாக இல்லை என்ற கணக்கை உரிய விண்ணப்பம் கொடுத்துக் குடிமக்கள் எவரும் கேட்டுப் பெறலாம். பெயர் இல்லாத அக்கணக்கு, பெயர் சொல்லும் கதையைவிட வலியது.

மூன்றாவது, கோரிக்கை. "தாதியை மீண்டும் அமர்த்துக" என்பது ஒரு கோரிக்கை. "வாட்டிற்குத் தாதிமாரை அனுப்புக" என்பது மற்றொன்று. முதலாவதை மட்டும் எழுப்பினால், அவருக்குப் பணமும் இடமாற்றமும் கொடுத்துக் கிளர்ச்சியை அணைத்துவிடுவர். இரண்டாவதை மட்டும் எழுப்பினால், தாதி பசியோடிருக்க நாம் அவர் பெயரால் முழங்கிக்கொண்டிருப்போம். இரண்டையும் தனித்தனியே எழுதி வைத்து, ஒன்று கிடைத்தவுடன் மற்றதைக் கைவிடுவதில்லை என்று முன்னரே முடிவு செய்தல் வேண்டும்.

நான்காவது, நீக்கப்பட்டவரின் விருப்பம். இணக்கத்தை ஏற்பதா மறுப்பதா என்பது அவருடைய முடிவு. பிள்ளைகளின் பாடசாலைச் செலவும் வீட்டுக் கடனும் அவருடையவை. கைதட்டல் மட்டுமே நம்முடையது. நியாயமான இணக்கத்தை ஏற்று ஒதுங்கும் ஊழியரைத் துரோகி என்று தூற்றும் ஆதரவாளரைவிட, ஆதரவே இல்லாதிருப்பது மேல். அவர் ஒதுங்கினாலும் மக்களின் வழக்கு ஒதுங்குவதில்லை. அதன் வழக்காளி அவரல்லர், மக்களே.

ஐந்தாவது, கட்சிக் கொடி. அரசியற் பணியில் நிற்கும் நாம் இதனைச் சொல்வது சிலருக்கு வியப்பாகலாம். கட்சிகள் இத்தகைய வழக்குகளில் தலையிடலாகாது என்று நாம் கூறவில்லை. பாராளுமன்றத்திற் கேள்வி கேட்பதற்கும் சட்டத்தைத் திருத்துவதற்கும் அவை வேண்டும். ஆனால் ஒரு கொடியின்கீழ் நிற்கும் கூட்டத்தை அலட்சியம் செய்வது மந்திரிக்கு எளிது. பல கொடிகளும் கொடியே இல்லாதோரும் சேர்ந்து நிற்கும் கூட்டத்தை அலட்சியம் செய்வது எளிதன்று. ஊர் கூடியே தேர் இழுத்தல் வேண்டும். வடத்தைப் பிடித்தவர் அனைவரும் தேரில் ஏறி நிற்க ஆசைப்பட்டால் தேர் நகராது.

இரு ஆட்சேபங்கள்

வழக்கு நிலுவையில் இருக்கும்போது பேசலாமா என்று கற்றோர் சிலர் கேட்பர். நீதிபதியை அச்சுறுத்துவதும், சாட்சியைக் கலைப்பதும், தீர்ப்பை முன்கூட்டியே நாமே எழுதிவிடுவதும் தவறு. ஆனால் வைத்தியசாலையில் எத்தனை தாதிமார் வேண்டும் என்பது எந்த நீதிமன்றத்தினதும் தனிச் சொத்தன்று. அதனை வழக்குக்கு முன்னும், வழக்கின்போதும், பின்னும் பேசுவதற்கு மக்களுக்கு உரிமை உண்டு.

ஒழுங்கு கெடுமே, ஒவ்வொரு தாதியும் பத்திரிகைக்கு ஓடினால் வைத்தியசாலை நடக்குமா என்று நிருவாகிகள் கேட்பர். நியாயமான கேள்வி. முதலில் மேலதிகாரியிடம் சொல்வதே முறை. ஆனால் அம்முறைக்கு மறுபக்கமும் உண்டு: சொல்லப்பட்டதைக் கேட்டு, உரிய காலத்தில் விடையளிப்பது மேலதிகாரியின் கடமை. ஸ்டொக்போர்ட்டில் முதற் கடிதத்துக்கும் பத்திரிகைக்கும் இடையே ஏறக்குறைய எட்டு மாதங்கள் கழிந்தன என்பதை மறக்கலாகாது. ஒழுங்கைக் கெடுப்பவர் எட்டு மாதம் கடிதம் எழுதியவரா, அக்கடிதங்களுக்கு ஆவன செய்யாதவர்களா?

தாதிமார் வாய் மூடினால் அதன் விலையைக் கொடுப்பவர் யார்? நகரத்துத் தனியார் வைத்தியசாலையில் இடம் பிடிக்க வசதியுள்ளவரல்லர். வயலிலே பாம்பு தீண்டி, நள்ளிரவில் உழவு இயந்திரத்தின் பெட்டியிற் படுக்கவைத்துக் கொண்டுவரப்படும் கமக்காரரே. அவருக்காகப் பேசுவதற்கு அந்த இரவில் வாட்டிலே இருப்பவர் தாதி ஒருவரே. அத்தாதிக்கு வாய் இருக்க வேண்டுமாயின், அவருக்குப் பின்னால் ஊர் இருக்க வேண்டும். ஊருக்கு முன்னால் சட்டம் இருக்க வேண்டும். பொதுநலன் கருதி உண்மை கூறும் ஊழியரை, தனியார் துறையினராயினும் அரசாங்கத் துறையினராயினும், வேலையிலும் பதிவேட்டிலும் ஒருசேரக் காக்கும் தெளிவான தொழிற் சட்டம் ஒன்றை நம் பிரதிநிதிகளிடம் கோருவோம்.

அதுவரை, தாதியின் வழக்கைக் காலந் தாழ்த்தாது சட்டத்தரணியிடம் ஒப்படையுங்கள். மக்களின் வழக்கை எவரிடமும் ஒப்படைக்காது உங்கள் கையிலேயே வைத்திருங்கள்.